ஐஸ் பெட்டி வந்த வாசல்

ஜூலை 1, செவ்வாய்

இன்று கடையில் இரண்டு கல்யாணம், ஒரு காதுகுத்து, ஒரு சாவு. எல்லாவற்றையும் ஒரே கம்ப்யூட்டரில், ஒரே தொப்பையோடு உட்கார்ந்து முடித்தேன். காதுகுத்துக் குழந்தைக்கு "வடசென்னையின் வருங்காலமே" என்று போட்டேன். வருங்காலம் என் மவுஸைக் கடித்து வைத்தது.

கல்யாணத்தில் ஒன்று மாப்பிள்ளையின் தோஸ்துகள் அடிக்கும் பேனர். அவர்களுக்கு நம்ம ஸ்பெஷல்தான் வேண்டுமாம். மாப்பிள்ளை போட்டோவுக்கு மாலை, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, மேலே "கண்ணீர் அஞ்சலி". கீழே: "அண்ணனின் சுதந்திரம் காலமானது. இன்று மாலை மண்டபத்தில் நல்லடக்கம். பிரியாணி உண்டு." திருவொற்றியூரில் இந்த வகை பேனரை ஆரம்பித்து வைத்த மகான் நான்தான். பேனர் பாபு என்றால் தண்டையார்பேட்டையிலிருந்து எண்ணூர் வரை தெரியும். டில்லிபாபு என்று எனக்கு ஒரு பெயர் இருப்பது ரேஷன் கார்டுக்கும் என் மனைவி ரமாபாய்க்கும்தான் தெரியும்.

ரமாபாய் ஹெல்த் சென்டரில் நர்ஸ். என் ஜோக்குக்கு அவள் சிரித்துப் பல வருஷம் ஆகிறது. அந்த பேனரைப் பார்த்துவிட்டு, "செத்தவனுக்கும் கட்டிக்கப் போறவனுக்கும் ஒரே டிசைன் போடற ஒரே ஆளு நீதான்யா" என்றாள். பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். வேறு வழி?

ஜூலை 3, வியாழன்

மகள் அன்புக்கரசி பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் பையை எறிந்தாள். ப்ளஸ் ஒன் படிக்கிற பெண் பையை எறிந்தால் அப்பன் குனிந்து எடுத்து வைக்க வேண்டும், அதுதான் இந்த வீட்டுச் சட்டம்.

விஷயம் கேரம். சந்துக்குள் இருக்கும் கேரம் கிளப்பில் இவளும் நர்மதாவும் ஆறாவது படிக்கும்போதிலிருந்து டபுள்ஸ் ஜோடி. நர்மதா குப்பத்துப் பெண். அப்பா செல்வம் காசிமேட்டு போட்டில் டிரைவர், அம்மா பவுனம்மாள் மீன் விற்கிறாள். இப்போது மாவட்டப் போட்டிக்கு நர்மதா வேறு ஒருத்தியோடு சேர்ந்துவிட்டாள். கோச்தான் மாற்றினாராம். அது இவள் காதில் ஏறவில்லை.

"அவ எனக்கு செத்துட்டா நைனா."

நான் என்ன செய்தேன்? பெரிய நகைச்சுவை மன்னன் ஆயிற்றே. "சரி, பத்தடிக்கு எட்டடில பேனர் அடிச்சிடலாமா?" என்றேன். அவளும் சிரித்தாள்.

ஜூலை 5, சனி

நாளைக்கு எழுதுகிறேன். இந்தப் பெண்ணை — வேண்டாம். நாளைக்கு.

ஜூலை 6, ஞாயிறு

எழுதித் தீர்க்க வேண்டும். இல்லாவிட்டால் யாரையாவது அடித்துவிடுவேன். அடிக்கிற தூரத்தில் இருப்பது அவள்தான்.

நேற்று மத்தியானம் நான் சாப்பிட வந்த நேரத்தில் கடையை அன்பு பார்த்துக்கொண்டாள். சனிக்கிழமை எப்போதும் அப்படித்தான். என் கம்ப்யூட்டரில், என் டிசைனை எடுத்து, நர்மதா கேரம் கோப்பையோடு சிரிக்கிற போட்டோவை அதில் வைத்திருக்கிறாள். மாலை. விளக்கு. தோற்றம், மறைவு. "அகால மரணம்." "நல்லடக்கம் இன்று மாலை 4 மணி." அடியில், எந்த டிசைனைத் திறந்தாலும் தானாக வந்து உட்காரும் வரி: பாபு டிஜிட்டல்ஸ், திருவொற்றியூர்.

"எங்க நட்புக்குத்தான் நைனா அஞ்சலி. கிளாஸ் பொண்ணுங்களுக்கு மட்டும்தான் அனுப்புனேன். எல்லாரும் சிரிச்சாங்க."

சிரித்தார்களாம். ஏண்டி, கல்யாண பேனரில் பிரியாணி உண்டு என்று இருக்கும், அதைப் பார்த்து ஜோக் என்று தெரிந்துகொள்வான். இதில் எந்த எழவு இருக்கிறது தெரிந்துகொள்ள? இந்த ஏரியாவில் என் கடைப் பெயர் கீழே இருந்தால் அது உறுதியான சாவு. டாக்டர் சொன்னால்கூட இன்னொரு ஆஸ்பத்திரியில் காட்டிப் பார்ப்பார்கள். பேனர் பாபு போட்டுவிட்டால் நேராக மாலை வாங்கப் போய்விடுவார்கள்.

அப்படித்தான் போனார்கள். கிளாஸ் பெண்களிடமிருந்து அவர்கள் அண்ணன்களுக்கு, அங்கிருந்து குப்பத்து வாட்ஸ்ஆப் குரூப்புக்கு. சாவு என்றதும் குப்பத்துப் பையன்கள் முதலில் சொல்வது ஐஸ் பெட்டிக்குத்தான். பழக்கம், கை தானாக நம்பரைப் போடும். நர்மதா தலைக்குக் குளித்துவிட்டு வாசலில் முடி உலர்த்திக்கொண்டிருந்திருக்கிறாள். வண்டி வந்து நின்றது.

"பாடி எங்கம்மா கீது?"

"எந்த பாடி?"

"நர்மதான்னு —"

"நான்தான் நர்மதா."

அதற்குள் பெட்டியைப் பாதி இறக்கிவிட்டார்கள். பெட்டியின் கண்ணாடி மூடிக்கு அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் ஈரத் தலையோடு நர்மதா. பிறகு மாலைகள் வந்தன. சாவுக்கு அடிக்கும் பெனிட்டோவின் பேண்டு செட் வந்தது. உயிரோடு நிற்கிற பெண்ணைப் பார்த்துவிட்டு அந்த ஆள் என்னிடம் போனில் கேட்கிறான்: "அண்ணே, வந்தது வந்துட்டோம், ரெண்டு அடி அடிச்சிட்டுப் போவட்டா?" தேள் கொட்ட அந்த நாக்கில்.

பவுனம்மாள் மார்க்கெட்டிலிருந்து எக்ஸ்பிரஸ் ரோட்டில் மாரில் அடித்துக்கொண்டு ஓடி வந்தாளாம். கன்டெய்னர் லாரிகளெல்லாம் நின்றனவாம்.

ஆனால் செல்வம் — அதைத்தான் எழுத வரவில்லை.

அவன் விடியற்காலையில் கடலுக்குப் போயிருந்தான். பக்கத்து போட்காரன் ஒயர்லெஸ்ஸில் சொல்லிவிட்டான். போட்டைத் திருப்பியிருக்கிறான். கொஞ்ச நேரத்தில் கரையிலிருந்து இன்னொரு செய்தி: "பொய்யி மாமே, பொண்ணு நல்லா கீது." அவன் நம்பவில்லை. எப்படி நம்புவான்? கடலில் இருக்கிறவனுக்கு எந்தச் சாவையும் யாரும் நேராகச் சொல்வதில்லை. சீரியஸ் என்பார்கள், நல்லாத்தான் கீது என்பார்கள், பத்திரமாகக் கரைக்கு வரவழைக்க. அந்தப் பொய்யை அவனே எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பான்! பொண்ணு நல்லா கீது என்று சொல்லச் சொல்ல, அவனுக்கு அது செத்துப்போனது உறுதியாகிக்கொண்டே இருந்திருக்கிறது. போட் கட்டுவதற்கு முன்னால் குதித்தான். கால் இடறி இரண்டு போட்டுக்கும் நடுவில் மாட்டி, கணுக்கால் எலும்பு முறிந்தது. அந்தக் காலோடு ஆட்டோவில் போய் இறங்கி, பெண்ணின் முகத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தானாம்.

ஜோக். நல்ல ஜோக்.

ஜூலை 7, திங்கள்

குப்பத்துக்குப் போனோம், மூன்று பேரும். ஊர்க்காரர்கள் கூடியிருந்தார்கள். நான் விழுந்து கும்பிட்டேன். என் உடம்புக்கு விழுவது சுலபம், எழுவதுதான் கஷ்டம். யாரும் கை கொடுக்கவில்லை. சரிதான்.

அன்பு நின்றாள். "சாரி" என்றாள். தரையைப் பார்த்து, பரீட்சையில் பதில் தெரியாதவள் மாதிரி. கன்னத்தில் ஒன்று கொடுத்திருப்பேன், அவ்வளவு பேர் நடுவில் எனக்கு வெட்கம்.

பவுனம்மாள் குனிந்து இரண்டு கையிலும் மண்ணை அள்ளினாள். "என் வாசல்ல ஐஸ் பொட்டி வந்து நின்னா மாரி உன் வாசல்லயும் நிக்கும்" என்று எங்கள் மேல் தூற்றினாள். ரமாபாய் தன் தலையில் விழுந்த மண்ணைத் தட்டிவிடவே இல்லை. வீடு வரைக்கும் அப்படியே வந்தாள்.

உள்ளேயிருந்து நர்மதா வரவில்லை.

ஜூலை 10, வியாழன்

பாவி. பாவி. பாவி.

மன்னிப்பு கேட்டு வீடியோ போட்டிருக்கிறாள்! பின்னால் சோக வயலின். கண்ணுக்குக் கீழே ஏதோ பளபளப்பு — அது கண்ணீர் இல்லை, ஃபில்டராம். நடுவில் அந்த அஞ்சலி படத்தையும் ஒரு தடவை காட்டியிருக்கிறாள், விஷயம் தெரியாதவர்கள் தெரிந்துகொள்ளட்டும் என்று. ஊரே பார்த்துவிட்டது. கீழே எவனெவனோ எழுதுகிறான்: "செத்துப் பொழச்ச அக்காவுக்கு ஒரு லைக்." நர்மதா தண்ணி பிடிக்கப் போனால் பொடிசுகள் "ஏ அஞ்சலி!" என்று கத்துகிறதுகளாம். அந்தப் பெண் பள்ளிக்கூடம் போவதை நிறுத்திவிட்டது.

போனைப் பிடுங்கித் தண்ணி டிரம்மில் போட்டேன். அந்தச் சனியன் வாட்டர்ப்ரூஃபாம். டிரம்முக்குள்ளிருந்து லைக் வந்து வந்து மின்னுகிறது. கோபத்தைக்கூட ஒழுங்காகக் காட்ட விடாத காலம்.

"நீ கேட்டது மன்னிப்பாடி? உனக்கு நீயே பேனர் அடிச்சிக்கினே!" என்று கத்தினேன்.

"பேனர் அடிக்க யாரு கத்துக் குடுத்தது?" என்று திருப்பிக் கேட்டாள்.

ரமாபாய் டிரம்மிலிருந்து போனை எடுத்துத் துடைத்து, பீரோவில் வைத்துப் பூட்டினாள். எங்கள் இரண்டு பேரையும் ஒரே மாதிரி பார்த்தாள். அப்படிப் பார்த்ததற்கு அவள் எங்கள் கல்யாண ஆல்பத்தையே எரித்திருக்கலாம்.

ஜூலை 13, ஞாயிறு

ரமாபாய் தனியாகக் குப்பத்துக்குப் போய் வந்தாள். செல்வத்தின் மாவுக்கட்டைப் பார்க்க வேண்டும் என்று நர்ஸ் சாக்கு. சோறு போடும்போது சொன்னாள்:

"ஆடி முடிஞ்சதும் டீசி வாங்கி, பொண்ண பழவேற்காட்டுல அத்தை வூட்டுக்கு அனுப்பப் போறாங்களாம். படிப்பு, கேரம் எல்லாம் முடிஞ்சுது."

அப்புறம் இன்னொன்றும் சொன்னாள். செல்வத்தைப் பார்க்க ஜனங்கள் வருகிறார்களாம். உட்காருகிறார்கள், டீ குடிக்கிறார்கள். போகும்போது மட்டும் ஒருத்தரும் 'போய்ட்டு வரேன்' என்று சொல்வதில்லையாம். சத்தமில்லாமல் எழுந்து போய்விடுகிறார்கள். சாவு வீட்டில் சொல்லக் கூடாதே, அது. ஐஸ் பெட்டி வந்து இறங்கிய வாசல், எதற்கு வம்பு என்று ஒவ்வொருத்தருக்கும் பயம். பவுனம்மாள் சொல்லிச் சொல்லி அழுதாளாம்: "என் பொண்ணு உயிரோட குந்திகினு கீது நர்ஸம்மா. எல்லாரும் எழவு வூட்டுக்கு வந்தா மாரி வந்துட்டுப் போறாங்க. அது ஜன்னலாண்ட நின்னு, இன்னிக்காச்சும் யாராச்சும் சொல்றாங்களான்னு காத வச்சிகினு கீது."

"நீ சொன்னியா?" என்று கேட்டேன்.

ரமாபாய் சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்தாள். "வாய் வரலய்யா. பழக்கம்" என்றாள்.

நர்ஸுக்கே இந்தப் பழக்கம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நல்ல நாள் கெட்ட நாள் பார்த்துப் பார்த்தே ஒரு பெண்ணைச் சாகடிக்கிற ஊர். என் மகள் ஒரு தடவைதான் சாகடித்தாள், இவர்கள் தினமும்.

அன்பு தட்டில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். கேட்டாளா இல்லையா தெரியவில்லை.

ஜூலை 15, செவ்வாய்

பள்ளிக்கூடம் விட்டு லேட்டாக வந்தாள். எங்கே போனாய்? கதவைச் சாத்திக்கொண்டாள். ஒழியட்டும்.

ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்துவிட்டது. கல்யாண பேனர் கிடையாது. இனி எனக்கு அம்மன்தான் துணை.

அன்பு எங்கே போகிறாள் என்று தெரிந்துவிட்டது. பெனிட்டோ வந்து வத்தி வைத்தான். (என் பிழைப்பில் பாதி அவன் வாயில் ஓடுகிறது. நானும் அவனைப் பற்றி நாலு இடத்தில் சொல்லியிருக்கிறேன், கணக்கு நேர்.)

தினமும் சாயங்காலம் நர்மதா வீட்டு வாசலில் போய் நிற்கிறாளாம். கதவு சாத்தியிருக்கும். இவள் எதுவும் பேசுவதில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, தெருவுக்கே கேட்கிற மாதிரி "போய்ட்டு வரேன் நர்மதா!" என்று கத்திவிட்டு வந்துவிடுகிறாளாம்.

அடிப்பாவி. ஆறப் போட்ட புண்ணில் விரலை விட்டுக்கொண்டு! நக்கல் பண்ணுகிறாள் என்றுதானே நினைப்பார்கள்? நானே அப்படித்தான் நினைத்தேன். வந்ததும் பிடித்துக்கொண்டேன்.

"இன்னாடி புது ஷோ? கேமரா எங்க வச்சிருக்க?"

"போன் அம்மாகிட்ட கீது நைனா."

"அப்புறம் எதுக்குப் போற?"

"நேத்து போய்ட்டு வரேன்னு சொன்னேன். அதான் இன்னிக்குப் போனேன்."

அவ்வளவுதான் பதில். எனக்குச் சரியாகப் புரியவில்லை. புரியாதபோது இன்னும் கோபம் வருகிறது.

ஜூலை 18, வெள்ளி

மீன் கழுவின தண்ணி.

பவுனம்மாள் ஒரு பேசின் நிறைய மீன் கழுவின தண்ணியை இவள் தலையில் ஊற்றியிருக்கிறாள். யூனிஃபார்ம் முழுக்கச் செதில். மார்க்கெட்டில் பூனை துரத்தும் கோலத்தில் தெருவில் நடந்து வந்தாள். ஜனம் மொத்தமும் பார்த்தது. என் ரத்தம்! தப்பு செய்தவள்தான், அதற்காகக் குழந்தையை — செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். அங்கே போய் என்ன செய்திருப்பேன் தெரியாது, ஆனால் கிளம்பினேன்.

அன்பு வாசலில் கையை நீட்டி மறித்தாள்.

"நீ வராத நைனா. நீ வந்தா காமெடி ஆயிடும்."

இருபது வருஷமாக இந்த ஏரியாவைச் சிரிக்க வைத்துச் சம்பாதித்த பெயர், சொந்த மகள் வாயால் இப்படி வந்து சேர்ந்தது. செருப்பைக் கழற்றினேன்.

"தண்ணி ஊத்தினதும் ஓடி வந்துட்டியா?"

"சொல்லிட்டுத்தான் வந்தேன்."

ஜூலை 22, செவ்வாய்

செல்வம் இப்போது மாவுக்கட்டோடு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்காருகிறானாம். முதல் இரண்டு நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டான். இன்று, "இன்னா பாப்பா, டூட்டிக்கு வந்துட்டியா?" என்று கேட்டானாம். இவள் "ஆமா மாமா" என்றாளாம். அதோடு சரி.

என்னிடம் இதைச் சொல்லவில்லை. அம்மாவிடம் சொல்வதைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். நிற்பதற்கு வசதியாகத்தான் அந்தக் கதவே இருக்கிறது.

ஜூலை 25, வெள்ளி

நெற்றியில் வீக்கம்! எலுமிச்சம்பழம் அளவுக்கு. (ரமாபாய் சுண்டைக்காய் என்கிறாள். பெற்றவளுக்குக் கண் தெரியவில்லை.)

நடந்தது இது. வீட்டுக்குள் நர்மதா தனியாகக் கேரம் ஆடும் சத்தம் கேட்டிருக்கிறது. டொக், டொக். அந்தச் சத்தத்திலேயே இவளுக்குத் தெரிந்துவிட்டதாம் எந்தக் காயின் விழுந்தது, எது விழவில்லை என்று. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறாளா? ஜன்னலைப் பார்த்து, "ரெட் காயினப் போட்டுட்டு, அதுக்கு ஃபாலோ காயின வுட்டுட்டியாடி?" என்று கேட்டிருக்கிறாள். ஜன்னல் வழியாக ஸ்ட்ரைக்கர் பறந்து வந்தது. குறி தப்பவில்லை. நல்ல பிளேயர் ஆயிற்றே.

இன்னும் ஒரு விரல்கடை கீழே பட்டிருந்தால் கண்! போலீஸுக்குப் போவேன், கலெக்டரிடம் போவேன் என்று குதித்தேன். அன்பு ஐஸ் கட்டியை நெற்றியில் வைத்துக்கொண்டு சிரிக்கிறாள். மூன்று வாரமாக இந்த முகத்தில் சிரிப்பைப் பார்க்கவில்லை.

"இன்னாடி இளிக்கற?"

"ஸ்ட்ரைக்கர் என்கிட்டதான் கீது நைனா. நாளைக்குத் திருப்பிக் குடுக்கணும்ல."

ஜூலை 26, சனி

கொடுத்தாளாம். ஜன்னல் கம்பி வழியாக ஒரு கை வந்து வாங்கிக்கொண்டதாம். கை மட்டும்.

ஜூலை 29, செவ்வாய்

ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு நாலு பையன்கள் ஆர்டர் கொண்டுவந்தார்கள். தோஸ்துக்குக் கல்யாணம், அதே கண்ணீர் அஞ்சலி ஸ்பெஷல். இல்லை என்றேன்.

"இன்னா பேனரு, உன் டிரேட்மார்க்காச்சே?"

"உயிரோட கீறவனுக்கு இனிமே தோற்றம் மட்டும்தான். மறைவு வேணும்னா செத்துட்டு வா."

சிரித்துக்கொண்டே பக்கத்துக் கடைக்குப் போனார்கள். அவன் என் டிசைனையே காப்பி அடித்து வைத்திருக்கிறான், திருட்டு ராஸ்கல். அங்கே அடித்துக்கொள்வார்கள். அப்புறம் நான் நல்லவன் ஆகி யாருக்கு என்ன? நாள் முழுக்க எரிச்சல்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

நேற்று சாயங்கால மழையில் குப்பத்து வாசலில் நின்று தொப்பலாக நனைந்து வந்தாள். இன்று நெருப்பாகக் காய்கிறது. உளறுகிறாள். ரமாபாய் மாத்திரை கொடுத்திருக்கிறாள்.

"நைனா, நீ போய் சொல்லிட்டு வா. எனக்கு ஜொரம், அதான் வரலன்னு."

"ஒரு நாள் போகலன்னா ஒண்ணும் குடி முழுகாது. தூங்கு."

"சொல்லிட்டு வந்திருக்கேன் நைனா."

நான் போகவில்லை. மீன் தண்ணி ஊற்றியவள் வாசலில், ஸ்ட்ரைக்கரால் அடித்தவள் வாசலில் நான் போய் நின்று லீவ் லெட்டர் கொடுக்க வேண்டுமா? எனக்கும் ரோஷம் உண்டு. பதினெட்டு முழம் துணி தைத்தாலும் மூட முடியாத அளவுக்கு உண்டு.

ஆகஸ்ட் 2, சனி

ஜுரம் குறையவில்லை. இன்றும் கேட்டாள். இன்றும் போகவில்லை.

ஆகஸ்ட் 4, திங்கள்

காலையில் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தேன். பின்னால் இடி.

"யோவ் பேனரு!"

பவுனம்மாள். தலையில் மீன் பேசின், முந்தானை இடுப்பில். தெரு முழுக்கத் திரும்பிப் பார்க்கிறது. டீக்கடையில் கிளாஸ் பாதி வழியில் நிற்கிறது. சரி, இன்று சண்டைதான் என்று நானும் லுங்கியை மடித்துக் கட்டினேன். ஒரு மாதமாக அடக்கி வைத்த கோபம் எனக்கும் உண்டு. வா, வந்து பார்.

"எங்கய்யா உம்பொண்ணு?"

"எதுக்கு? இன்னும் தண்ணி மிச்சம் கீதா?"

"பேச்சுப் பேசாத. போய்ட்டு வரேன் போய்ட்டு வரேன்னு தினிக்கும் என் வாசல்ல நின்னு கத்திகினு கீறா. வெள்ளிக்கெயமலேந்து ஆளக் காணோம். சொல்லிட்டு வராம இருந்தா இன்னாயா அர்த்தம்? வூட்ல ஒருத்தி வாசலையே பாத்துகினு குந்திகினு கீது. சோறு எறங்கல. ஜன்னலு கம்பியப் புட்சிகினு —" குரல் உடைந்தது. அவளே அதைக் கவனிக்காதது போல இன்னும் சத்தமாகக் கத்தினாள். "'அம்மா, அவ உயிரோட கீறாளான்னு பாத்துட்டு வாம்மா'ன்றா!"

என் லுங்கி தானாக இறங்கியது.

"ஜொரம்க்கா" என்றேன். "சொல்லிட்டு வான்னுதான் சொன்னா. நான்தான் வரல."

பவுனம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். மீன் வாங்காமல் விலை மட்டும் கேட்கிறவனைப் பார்க்கும் பார்வை.

"நீ இன்னாயா மன்சன்?"

பேசினை இறக்கினாள். அடியில் கையை விட்டு நாலு நண்டை எடுத்து, பழைய ஃபிளக்ஸ் துண்டில் வைத்துச் சுருட்டி என் கையில் திணித்தாள். "மொளகு தூக்கலாப் போட்டு ரசம் வச்சிக் குடுக்கச் சொல்லு நர்ஸம்மாவ." பேசினைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு நடந்தாள். நாலு அடி போய்த் திரும்பி, என்னைப் பார்க்காமல், கடை போர்டைப் பார்த்து, "வரேன்" என்றாள்.

ஒரு நண்டு உயிரோடு இருந்தது. என் கட்டை விரலைப் பிடித்துக்கொண்டது. கத்தக்கூடத் தோன்றவில்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

சாயங்காலம் நர்மதா வந்தது. குப்பத்திலிருந்து எங்கள் தெரு வரை, எல்லார் கண்ணையும் தாண்டி, நடந்து. முக்கில் ஒரு பொடியன் "ஏ அஞ்சலி" என்றானாம். நின்று, அவனைப் பார்த்து, "இன்னாடா?" என்று கேட்டதாம். அவன் ஓடிவிட்டான் — பெனிட்டோ சொன்னது, கொஞ்சம் உப்பு காரம் சேர்த்திருப்பான்.

நான் கதவுக்குப் பின்னால் என் இடத்தில் நின்றுகொண்டேன்.

"எரும. ஜொரம்னா சொல்லி அனுப்ப மாட்டியா?"

"நைனாவ அனுப்புனேன். போவல."

"உன்ன நான் இன்னும் மன்னிக்கல."

"தெரியும்."

"எங்கப்பா தூக்கத்துல எய்ந்து வந்து என் மூக்காண்ட கை வச்சிப் பாக்கறாருடி. இன்னிக்கும்."

அன்பு சாரி என்றுகூடச் சொல்லவில்லை. அழுகிற சத்தம்தான் கேட்டது. இந்த முறை பின்னால் வயலின் இல்லை. நர்மதா தடுக்கவும் இல்லை, தேற்றவும் இல்லை. அழட்டும் என்று உட்கார்ந்திருந்தது. அப்புறம் கேரம் போர்டை எடுத்துக் கட்டில் மேல் வைத்த சத்தம். பவுடர் வாசனை. டொக்.

ரமாபாய் நண்டு ரசத்தை இரண்டு டம்ளரில் ஊற்றிக்கொண்டு போனாள். கதவுக்குப் பின்னால் இருந்த என்னை வழியில் இடித்துவிட்டு.

கிளம்பும்போது நர்மதா செருப்பு மாட்டிக்கொண்டு வாசலில் நின்றது. நான் சட்டென்று கேட்டைத் திறக்கிற மாதிரி நடித்தேன். என்னைப் பார்த்தது. அந்தக் கோப்பை போட்டோவில் இருந்த முகம் இல்லை இது. இளைத்திருக்கிறது. உயிரோடு இருக்கிறது.

"போய்ட்டு வரேன் மாமா."

காதுகுத்துக்கு, கல்யாணத்துக்கு, கருமாதிக்கு என்று எல்லாவற்றுக்கும் வரி எழுதிக் கொடுக்கிறவன் நான். நின்றேன், வாயைத் திறந்துகொண்டு. ரமாபாய்தான் உள்ளேயிருந்து சொன்னாள்:

"வாம்மா. வா."

ஆகஸ்ட் 6, புதன்

நர்மதா காலையிலேயே வந்துவிட்டது. ஸ்ட்ரைக்கரை மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டதாம். பொய். கட்டில் நடுவில், கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இருந்தது.

யூனிஃபார்மில் வந்தது.